யாருக்காகச் செய்தாய்?

முகம் தெரியாத ஒரு நோயாளிக்கு, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல் கொடுத்துவிட்டு வந்த பிறகு என் நெடுநாள் நண்பன் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. "உனக்கு அதுல ஒரு திருப்தி. அதுக்குத்தானே பண்ணினே? தப்புன்னு சொல்லலை. ஆனா யாரோ ஒருத்தருக்காகப் பண்ணினேன்னு மட்டும் நினைச்சுக்காதே." புண்படுத்துவதற்காக அவன் சொல்லவில்லை. எதையும் பிரித்துப்போட்டுப் பார்க்கிறவன் அவன். அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. காரணம், அவன் சொன்னதில் பொய் இல்லை. திருப்தி இருந்தது. அதுவும் சாதாரணத் திருப்தி இல்லை, வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்ற நிறைவு பல நாட்களுக்கு உடம்பிலேயே இருந்தது. தெரிந்தவர்களோடு உட்கார்ந்திருக்கும்போது பேச்சு அந்தப் பக்கம் திரும்பாதா என்றுகூட இருந்தது. அப்படியானால் நான் செய்தது எனக்காகத்தானா? முன்பின் பார்த்திராத, இனியும் பார்க்கப்போகாத ஒருவருக்கு உதவி என்று நாம் சொல்வதெல்லாம் நம் நிம்மதியை நாமே வாங்கிக்கொள்ளும் வழிதானா?

இந்த வாதம் பழையது. பதினேழாம் நூற்றாண்டில், மனிதன் தன்னலத்தாலேயே இயங்குகிறவன் என்று எழுதிப் பேர்போன தாமஸ் ஹாப்ஸ் லண்டன் தெருவில் ஒரு முதியவருக்குப் பிச்சை போட்டாராம். கூட இருந்த பாதிரியார், கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பீர்களா என்று கேட்டாராம். செய்திருப்பேன், அந்தக் கிழவரின் நிலையைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது, என் காசு அவர் துயரைக் குறைக்கும்போது என் வேதனையும் குறைகிறது என்று ஹாப்ஸ் சொன்னதாக, அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி குறித்துவைத்திருக்கிறார். என் நண்பன் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

இதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று இறங்கியவர்களும் உண்டு. 1981இல் டேனியல் பாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கப்படுவதை மாணவிகள் பார்க்க வேண்டும். அது நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. விரும்பினால் அவளுடைய இடத்தில் தாங்கள் உட்காரலாம். சிலருக்கு, கொஞ்சம் பார்த்ததும் எழுந்து போய்விடலாம் என்ற வசதி தரப்பட்டது, மற்றவர்கள் கடைசிவரை பார்த்தே ஆக வேண்டும். தன் வேதனையைத் தீர்த்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால் எழுந்து போகிறதுதான் சுலபமான வழி. ஆனால் அந்தப் பெண்ணைத் தன்னைப்போல் ஒருத்தியாக உணர்ந்தவர்களில் பெரும்பாலோர், போக வழியிருந்தும், அவள் இடத்தில் உட்கார ஒப்புக்கொண்டார்கள். விஷயம் இதோடு முடிந்ததா என்றால் இல்லை. எழுந்து போனாலும் மனதில் ஏறிய சோகம் கூடவே வருமே, அதை இறக்கிவைக்கத்தான் உதவினார்கள் என்று ராபர்ட் சியால்டினி 1987இல் மறுத்தார். அதற்குப் பாட்சன் பதில் சொன்னார். இப்படிப் பல ஆண்டுகள் ஓடின.

இதைப் படித்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான். எந்த நல்ல செயலுக்கும் அடியில் இன்னும் ஒரு தன்னலத்தைத் தோண்டி எடுத்துவிடலாம். எதைக் காட்டினாலும் தோற்காத வாதம் அது. ஆனால் அந்தத் திருப்தி எங்கிருந்து வருகிறது என்று அது கேட்பதில்லை. யாரோ ஒருவர் பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன என்று இருக்கிறவருக்கு, அவர் பிழைத்தார் என்ற செய்தியில் என்ன சந்தோஷம் கிடைக்கும்? அவர் பிழைக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்குள் முதலில் இருந்தால்தான் அது நிறைவேறும்போது திருப்தி வரும். திருப்தி வந்ததே, அந்த விருப்பம் இருந்ததற்குச் சாட்சி. நண்பன் எதை எனக்கு எதிரான ஆதாரமாகக் காட்டினானோ அது என் பக்கத்துச் சாட்சியாகவும் நிற்கும்.

ஆனாலும் இது வாதத்துக்கு வாதம் என்ற அளவில்தான் எனக்கு உதவியது. மனம் அடங்கவில்லை. அடங்கியது வேறொரு நாளை நினைத்துப் பார்த்தபோது.

படிவம் கேட்காத கேள்வி

ஸ்டெம் செல் கொடுக்க முன்வருகிறவர்களைப் பட்டியலிட்டு வைக்கும் பதிவகத்தில் சேருவது சுலபம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். அதிலிருந்து எச்எல்ஏ எனப்படும் திசு வகையைப் பார்த்துக் கணினியில் ஏற்றிவைப்பார்கள். கூடப் பிறந்த ஒருவருடைய வகை பொருந்துவதற்கே நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாதவர்கள் உலகம் முழுக்க உள்ள பட்டியலில்தான் தேட வேண்டும், அதில் இன்று 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அதில் நானும் ஒரு எண்ணாக இருந்தேன். நான் சேர்ந்ததையே மறந்திருந்த காலத்தில் அழைப்பு வந்தது.

அதற்குப் பிறகு பூர்த்தி செய்த படிவங்களில் என் உடம்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் எங்கும் கேட்கவில்லை. நோக்கத்தைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்ள விரும்பியது இரண்டே விஷயம். யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா? இதற்காகப் பணம் ஏதும் கைமாறுகிறதா? இந்த இரண்டும் இல்லையென்றால், புண்ணியத்துக்காகக் கொடுக்கிறேனா, பெருமைக்காகவா, பிராயச்சித்தமாகவா என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. அப்போது இதை நான் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தால், நல்லது செய்வதைத் தினசரி வேலையாக வைத்திருக்கிறவர்கள் கண்டுபிடித்த ஞானம் அதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பிறகு ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். நிதானமாகப் பேசுகிற பெண்மணி. "இதுவரைக்கும் நீங்க எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இப்பவும் சொல்லலாம். ஆனா நாளைக்கு அங்கே அவங்களுக்கு மருந்து ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் நீங்க விலகினா என்ன ஆகும்ங்கிறதை நான் உங்களுக்குச் சொல்லியாகணும்" என்றார். சொன்னார். மாற்றுச் செல்லை ஏற்றுவதற்கு முன் கடுமையான கீமோ மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ நோயாளியின் எலும்புக்குள் ரத்தத்தை உருவாக்கும் சொந்த மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதன்பின் அந்த உடம்பால் தனக்கான ரத்தத்தைத் தானே உற்பத்தி செய்ய முடியாது. புதிய செல் வந்து சேராவிட்டால் அந்த உயிரைக் காப்பாற்றுவது கடினம். கேட்டுவிட்டுச் சரி என்றேன். அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அன்றிலிருந்து கொடுத்து முடிக்கும்வரை நான் வாழ்ந்த விதம் எனக்கே புதிது. தும்முகிறவர் பக்கத்தில் நிற்கவில்லை. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன். நேரத்துக்குத் தூங்கினேன். மஜ்ஜையிலிருந்து செல்களை ரத்தத்துக்குள் இறக்குவதற்காகப் போடும் ஊசியால் இடுப்பிலும் முதுகிலும் எலும்புக்குள் குடைகிற வலி வந்தபோது, அது தாங்கக்கூடியதுதானா என்று யோசிப்பதற்கு முன்பே, வேலை நடக்கிறது என்ற நிம்மதி வந்தது. இப்போது நண்பனின் கேள்வியை அந்த நாட்களின்மேல் வைத்துப் பார்க்கிறேன். அப்போது என் உடம்பை நான் பார்த்துக்கொண்டது யாருக்காக? எனக்காக என்றால், அதற்கு முந்தைய மாதம் ஏன் அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை? அவருக்காக என்றால், காய்ச்சல் வராமல் இருந்தது எனக்கும் நல்லதுதானே? கேள்வி வழுக்கிக்கொண்டு போகிறது. "என் நலம்", "அவர் நலம்" என்று இரண்டு தனித்தனி ஆட்கள் இருந்தால்தான் யாருக்காக என்று கேட்க முடியும். அந்தச் சில நாட்களில் என் ஆரோக்கியம் அவருடைய ஆரோக்கியமாகத்தான் இருந்தது. எங்கே இருக்கிறார், எந்த வயதினர், என்ன மொழி பேசுவார் என்பது எதுவும் தெரியாத ஒருவரோடு அப்படி ஒரு பிணைப்பு எனக்கு ஏற்பட்டதென்றால், அது என் மனம் விசாலமாக இருந்ததால் இல்லை. சரி என்று சொல்லியிருந்தேன், அதன்மேல் அங்கே ஓர் உயிர் சாய்ந்து நின்றது, அவ்வளவுதான்.

எடுத்த செல்களை ஒருவர் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு பயணம் போவார். பொதுவாக 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் உடம்பில் ஏற்றிவிட வேண்டும். அந்தப் பெட்டி கிளம்பிய பிறகு, நான் என்ன எண்ணத்தில் கொடுத்தேன் என்பது அந்தச் செல்களுக்கும் தெரியாது, அவற்றைப் பெற்றவருக்கும் தெரியாது.

ஒரு தாயின் பட்டியல்

இப்படிப்பட்ட பதிவகங்களில் முதலாவது 1974இல் லண்டனில் தொடங்கியது. தொடங்கியவர் ஷெர்லி நோலன். அவருடைய மகன் ஆன்டனிக்கு விஸ்காட் ஆல்ட்ரிச் என்ற அபூர்வ நோய். குடும்பத்தில் யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. எங்கோ ஓர் அந்நியர் பொருந்தக்கூடும் என்ற நம்பிக்கையில் அந்நியர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க ஆரம்பித்தார். தன் பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். அதைவிடச் சொந்தமான நோக்கம் இருக்க முடியாது. ஆன்டனிக்குப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை. 1979இல், எட்டு வயதை எட்டும் முன்பே அவன் இறந்துபோனான். பட்டியலின் நோக்கம் அத்தோடு தீர்ந்துவிட்டது என்று ஷெர்லி அதை மூடிவைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூடவில்லை. இன்று உலகம் முழுக்க உள்ள பதிவகங்கள் அவர் போட்ட அந்த முதல் தடத்தில்தான் நடக்கின்றன. 1974இல் அவர் செய்தது தன்னலமா, 1979க்குப் பிறகு செய்தது பிறர்நலமா? நடுவில் கோடு கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைக்காகத் திறந்த கதவு என்பதால்தான் அது அவ்வளவு பெரிதாகத் திறந்தது என்று நினைக்கிறேன்.

யார் விட்டுக்கொடுப்பது?

அதற்காக, நோக்கம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. சில தன்னலங்கள் கொடுப்பவரோடு நின்றுவிடும். சில, வாங்குகிறவரின் தட்டில் போய் விழும். பின்னதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

அமெரிக்கா 1954இல் பிஎல் 480 என்ற உணவு உதவிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தன் விவசாயிகளுக்கு விலை ஆதரவு தந்து அரசு வாங்கிக் குவித்த தானியம் கிடங்குகளில் நிரம்பி வழிந்த காலம் அது. உபரியைத் தீர்ப்பது, வெளிநாடுகளில் சந்தையை உண்டாக்குவது ஆகிய நோக்கங்களைச் சட்டம் மறைக்கவில்லை. அந்தத் தானியம் கோடிக்கணக்கானவர்களின் பசியை ஆற்றியது என்பதும் உண்மை. உபரி இருந்தது, பசி இருந்தது, இரண்டும் சந்தித்தன. அதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல், இரண்டு நலன்களும் பிரிந்த இடத்தில் வந்தது. உணவு உதவியில் குறிப்பிட்ட பங்கை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. 1985இல் அந்தப் பங்கு 75 சதவீதமாக உயர்ந்து, 2012இல் மீண்டும் 50 சதவீதமானது. அந்தக் கப்பல்களின் கட்டணம் அதிகம். கடல் கடந்து வர மாதக்கணக்கு ஆகும். பட்டினி கிடக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே நல்ல விளைச்சல் இருந்தாலும் அந்தப் பணத்தில் அங்கே வாங்க முடியாமல் இருந்தது. ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷின் அரசு, நாலில் ஒரு பங்குவரை அந்தந்தப் பகுதியிலேயே வாங்க அனுமதி கேட்டது. விவசாய, கப்பல் துறைகளின் எதிர்ப்புக்கு நடுவே நாடாளுமன்றம் அதைத் தரவில்லை, 2008இல் சிறிய சோதனைத் திட்டம் ஒன்றை மட்டும் அனுமதித்தது. உதவி அமைப்புகளும் இதில் சிக்கியிருந்தன. கப்பலில் வந்த தானியத்தை ஏழை நாடுகளின் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் தங்கள் பணிகளை நடத்தின. உள்ளூர் விவசாயியின் விளைச்சலுக்கு அதனால் விலை விழக்கூடும். கேர் என்ற பெரிய உதவி அமைப்பு 2007இல், ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலர் வந்துகொண்டிருந்த இந்த வழியைக் கைவிடுவதாக அறிவித்தது. தங்கள் சம்பளமும் திட்டங்களும் அடங்கிய பணத்தை, வாங்குகிறவருக்கு நல்லதில்லை என்று விடத் துணிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதிலிருந்துதான் நான் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். யாருக்காகச் செய்தாய் என்பதைவிட அது எனக்கு உபயோகமாக இருக்கிறது. கொடுப்பவரின் நலனும் வாங்குபவரின் நலனும் ஒரே திசையில் போகும்வரை இருவரும் சேர்ந்து நடக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதை பிரியும்போது யார் விட்டுக்கொடுக்கிறார்கள்? ஓர் உதவியின் தரத்தை அந்த முனையில்தான் பார்க்க முடியும். நன்கொடை கொடுத்தவர் தன் மகிழ்ச்சிக்காக, வாங்கிய குழந்தை கேமரா முன் நின்று சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரா? அங்கே அவர் மகிழ்ச்சி அந்தக் குழந்தையின் கணக்கில் எழுதப்படுகிறது. பெயர் தெரியாமல், நன்றி கேட்காமல் உள்ளுக்குள் பெருமைப்படுகிறாரா? தாராளமாகப் பெருமைப்படட்டும்.

இதே காரணத்தால், தூரத்து மக்களுக்கு உதவுங்கள், அது உங்களுக்கே நல்லது என்று பிரசாரம் செய்வதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். பெரியம்மை ஒழிப்பில் அது அழகாக வேலை செய்தது. எங்கோ ஒரு கிராமத்தில் நோய் இருக்கும்வரை எல்லா நாடுகளும் ஊசிக்கும் காவலுக்கும் செலவழிக்க வேண்டியிருந்தது. 1980இல் ஒழிந்தது என்று அறிவித்தபின் அந்தச் செலவு எல்லோருக்குமே மிச்சம். ஆனால் கோவிட் காலத்தில், எல்லோரும் பாதுகாப்பாக இருக்கும்வரை யாருக்கும் பாதுகாப்பில்லை என்று அதே வாதத்தை எத்தனை முறை சொன்னார்கள்! பணக்கார நாடுகள் தங்களுக்கான தடுப்பூசித் தவணைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டன. ஏழை நாடுகளுக்காக அமைத்த கோவாக்ஸ் திட்டம் 2021 முடிவதற்குள் 200 கோடித் தவணைகளை இலக்காக வைத்திருந்தது. 100 கோடியை எட்டியதே 2022 ஜனவரியில்தான். தன்னலத்தைக் காட்டி அழைத்தவர்கள், அந்தத் தன்னலம் வேறு வழியில் தீர்ந்ததும் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைப் பிடித்துவைக்க வேறு கயிறு எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை.

சான்றோர் சென்ற நெறி

இந்தக் கயிறு எதுவாக இருக்கும் என்று யோசித்தபோது, பள்ளியில் படித்த புறநானூற்றுப் பாடல் ஒன்று வேறு பொருளோடு திரும்பி வந்தது. ஆய் என்ற வள்ளலைப் பற்றி முடமோசியார் பாடியது.

"இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும்
அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்
பிறரும் சான்றோர் சென்ற நெறியென
ஆங்குப் பட்டன்று அவன்கை வண்மையே"

முதல் இரண்டு அடிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். இங்கே போட்டு மறுமையில் எடுக்கிற வியாபாரி இல்லை அவன். அடுத்து என்ன வரும் என்று நான் எதிர்பார்த்தேன்? அவன் உள்ளம் இரக்கத்தால் நிறைந்தது, தன்னை மறந்து கொடுத்தான், இப்படி ஏதாவது. புலவர் அந்தப் பக்கமே போகவில்லை. நல்லவர்கள் பலர் நடந்த வழி அது, அவன் கையும் அந்த வழியில் போனது, அவ்வளவுதான் என்கிறார். ஆயின் நெஞ்சைத் திறந்து பார்த்து அங்கே தூய அன்பு இருந்தது என்று அவர் சான்றிதழ் கொடுக்கவில்லை. வியாபாரத்தையும் மறுக்கிறார், உள்ளத்தை ஆராய்வதையும் விட்டுவிடுகிறார். மிச்சமிருப்பது வழி. முன்னால் யாரோ நடந்து பதித்த வழி.

என் விஷயத்தில் நடந்ததும் இதுதான் என்று இப்போது நம்புகிறேன். ஒரு தாய் போட்ட தடம், அதில் நடந்த பல்லாயிரம் பேர், படிவம், ஊசி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஒருவர். நான் அதில் ஏறிக்கொண்டேன். என்னுடைய இரக்கம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று எடைபோட்டுத்தான் ஏற வேண்டும் என்றிருந்தால் யாருமே ஏறியிருக்க மாட்டார்கள்.

கொடுத்தவரும் பெற்றவரும் பெயர் சொல்லாமல் பதிவகத்தின் வழியாகக் கடிதம் எழுதிக்கொள்ளப் பல இடங்களில் அனுமதி உண்டு. அடையாளம் தெரியும்படி ஏதாவது இருந்தால் அழித்துவிட்டே அனுப்புவார்கள். குறிப்பிட்ட காலம் கழிந்து இருவரும் விரும்பினால் சில நாடுகளில் சந்திக்கவும் முடியும். எனக்கு இதுவரை கடிதம் எதுவும் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த ஆசைக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்குக் கிடையாது. அவர் நலமாக இருந்து என்னை நினைக்கவே நேரமில்லாமல் இருக்கலாம். ஒருவேளை பிழைக்காமலும் போயிருக்கலாம். இரண்டில் எது என்றாலும் அவரோ அவர் குடும்பமோ எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை.

பதிவகக்காரர்களின் பெரிய கவலை வேறு. உற்சாகத்தில் பதிவு செய்கிறவர்களில் கணிசமானோர், பொருத்தம் கிடைத்து அழைக்கும்போது மனம் மாறிவிடுகிறார்கள், அல்லது தொலைபேசி எண் மாறிப்போய்க் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. பொருத்தமானவர் இருக்கிறார் என்று நம்பிக்கையோடு காத்திருந்த நோயாளியின் வீட்டில் அந்தச் செய்தி எப்படி இறங்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் இதைப் படித்துவிட்டு யாருக்காவது சேர வேண்டும் என்று தோன்றினால், முதலில் இதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். அழைப்பு பல வருடம் கழித்து, வசதியில்லாத ஒரு வாரத்தில் வந்தாலும் போவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போவேன் என்று தோன்றினால் சேருங்கள், அப்புறம் எண்ணோ முகவரியோ மாறும்போதெல்லாம் மறக்காமல் அவர்களுக்குத் தெரிவியுங்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள், அங்கே கொடுத்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை சரிபாருங்கள்.